தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளும் புழக்கடைத் தோட்டமும்: எந்தப் பருவத்தில் எந்த வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைப் பழுது பார்ப்பது ஒரு வேலை, தோட்டம் போடுவது வேறொரு வேலை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் அவை ஒரே வேலை என்பது என் உறுதியான கருத்து. மாடியில் விழும் மழை எந்த வழியாக இறங்கி எங்கே போகிறது என்பதை ஒழுங்கு செய்துவிட்டால் சுவரும் பிழைக்கும், செடியும் பிழைக்கும். உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளை அந்த எண்ணத்தோடுதான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆண்டில் எந்த வேலையை எப்போது தொடங்குவது?

மழையை வைத்துக் கணக்கிடுங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு; ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். மற்ற மாதங்களைவிடப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும்தான் அதிகம் கொட்டும். ஆகவே அந்த இரண்டு மாதங்களில் கட்டட வேலை எதையும் தொடாதீர்கள். மாடி, கூரை, சுவர் வேலைகளை மாசி பிறந்ததும் தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும். வைகாசியில் கோடை மழை பெய்து மண் இளகியதும் குழி எடுக்கலாம். ஆனியில் எரு சேர்ப்பு, ஆடியில் விதைப்பு.

நம் ஊர்களில் பலர் மாடி ஒழுகுவதை ஐப்பசியில் பார்த்துவிட்டு, அந்த ஈரத்திலேயே கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். நனைந்த தளத்தின் மேல் பூசும் எந்தப் பூச்சும் பிடிக்காது. ஒழுகும் இடத்தைக் கரிக்கட்டியால் வட்டமிட்டு வைத்துக்கொண்டு மாசி வரை பொறுத்திருப்பதே நல்லது.

மாடி ஒழுகுகிறது. மேலே ஒரு பூச்சு அடித்தால் போதுமா?

பெரும்பாலும் போதாது. பூச்சுக்கு முன்னால் பார்க்க வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தளத்துக்குக் கொடுத்த சரிவு. ஒரு வாளித் தண்ணீரை மாடியின் நடுவில் ஊற்றிப் பாருங்கள். அது வடிகுழாயை நோக்கி ஓட வேண்டும். ஓடாமல் குளம்போல் நின்றால், எவ்வளவு விலை உயர்ந்த பூச்சை அடித்தாலும் இரண்டு மழைக்காலத்தில் போய்விடும். பத்தடி நீளத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சரிவு இருக்க வேண்டும். வாட்டம் கெட்டிருந்தால் அந்த இடத்தைக் கொத்திவிட்டு மட்டம் திருத்தித் தட்டோடு பதிக்கச் சொல்லுங்கள்.

வாட்டம் சரியாக இருந்தும் ஒழுகினால், குற்றவாளி கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையாகவோ, வடிகுழாயின் வாயாகவோ இருக்கும். மூலையில் நேர்க்கோணமாக விடாமல், சிமென்ட் கலவையைச் சரிவாக அணைத்துப் பூச வேண்டும். விரிசல்களை மேலோட்டமாக மெழுகக் கூடாது. உளியால் பிளந்து அகலப்படுத்தி, தூசியைக் கழுவி, பிறகுதான் நிரப்ப வேண்டும்.

இன்னொன்று, இதைக் கொத்தனார் சொல்லமாட்டார்: பங்குனி, சித்திரை வெயிலில் சிமென்ட் வேலை மிக வேகமாகக் காய்ந்து மயிர்க்கோடு போல வெடிக்கும். வெயில் தாழ்ந்த பிறகு பூசச் சொல்லுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி, குறைந்தது ஏழு நாள் நனைத்து வாருங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணறு சித்திரையில் வற்றிவிடும் என்றால், நனைக்கத் தண்ணீர் இருக்கும்போதே, மாசியிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

எங்களுடையது சீமை ஓட்டு வீடு. என்ன பார்க்க வேண்டும்?

முகட்டு ஓட்டின் கலவை, உடைந்த ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் கரையான். இந்த மூன்றுதான். சித்திரையில் ஓட்டைக் கழற்றும்போது அதன் மேல் படிந்த பாசியையும் சருகையும் தேய்த்துவிடுங்கள். சருகு தேங்கினால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும். மாற்று ஓடுகள் ஒரு டஜன் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பழைய அளவு ஓடு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. இடிக்கும் வீடுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

கோடையில் மாடிவீடு கொதிக்கிறது. வெள்ளைப் பூச்சு பலன் தருமா?

தரும். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் உள்ளே இறங்கும் சூடு குறையும். செலவு செய்ய முடிந்தவர்கள் கடையில் விற்கும் வெயில் தடுப்பு வண்ணத்தை அடிக்கலாம். மற்றவர்களுக்கு நீற்றிய சுண்ணாம்பும் வெள்ளைச் சிமென்டும் கலந்த பூச்சே நல்ல பலன் கொடுக்கும். பங்குனியில் அடியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு மழையில் கரையும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மாடித் தண்ணீரைச் சேமிப்பவர்கள் பூச்சு அடித்த பிறகு வரும் முதல் இரண்டு மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

மாடியில் விழும் மழையைத் தோட்டத்துக்குத் திருப்ப முடியுமா? உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

இதுதான் நான் அதிகம் கேட்க விரும்பும் கேள்வி. கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஆண்டு மழை 850 மில்லிமீட்டர் என்றால் 79 ஆயிரம் லிட்டர். தெறிப்பது, ஆவியாவது, வெளியே விடுவது எல்லாம் கழித்து எண்பது சதவீதம் வைத்தாலும் 63 ஆயிரம் லிட்டர் கையில் நிற்கிறது. இருபது மில்லிமீட்டர் பெய்யும் ஒரே ஒரு மாலை மழையில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். இவ்வளவையும் தெருவில் ஓடவிட்டுவிட்டு, மாசியில் டிராக்டர் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அப்போது போட்ட குழாயும், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழியும் பல வீடுகளில் இன்னமும் இருக்கின்றன. குழாய் உடைந்தும் குழி மண் மூடியும் கிடக்கின்றன. புதிதாக எதையும் கட்டுவதற்கு முன் அந்தக் குழியைத் தோண்டிப் பாருங்கள். மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழம் இருந்தால் போதும். அடியில் உடைகல், நடுவில் ஜல்லி, மேலே மணல். ஆண்டுக்கு ஒரு முறை வைகாசியில் மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். வீட்டு அடித்தளத்திலிருந்து பத்தடி தள்ளியும், செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு விலகியும் குழி இருக்கட்டும்.

குழியில் இறக்குவதற்கு முன் தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆலோசனை. வடிகுழாயின் கீழ் ஒரு பீப்பாயோ சின்டெக்ஸ் தொட்டியோ வைத்து, அது நிறைந்து வழிவதை ஓர் ஆழமில்லாத வாய்க்கால் வழியாக வாழைப் பாத்திக்கு விட்டு, அங்கிருந்து மிஞ்சுவதைக் குழிக்கு விடுங்கள். வாய்க்காலுக்குச் சிமென்ட் வேண்டாம்; ரசமட்டம் வைத்துச் சரிவு பார்த்து வெட்டி, அடியில் கூழாங்கல் பரப்பினால் மண் அரிக்காது. இந்த ஒரு வேலையை ஆனி மாதத்துக்குள் முடித்தவர்களுக்கு ஆடி மழை முழுவதும் பயன்படும்.

எங்கள் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்கிறார்கள். செடிக்கு விடலாமா?

செடிக்கு விடுவதைவிட, நீங்கள் குடிப்பதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் பாறைக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் புளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறையும், பிற்காலத்தில் எலும்பில் வலியும் விறைப்பும் வரும். காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். மழைநீரில் புளோரைடு அநேகமாக இல்லை. வெளிச்சம் புகாத மூடிய தொட்டியில் வடிகட்டிச் சேமித்து, கிருமிக்காகக் காய்ச்சினால் அதையும் குடிக்கலாம்.

தோட்டத்தில் தொல்லை தருவது பெரும்பாலும் உப்பு. போர் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் கருகும். மழைநீர் அந்த உப்பைக் கழுவி இறக்கும் என்பதால்தான் மேலே சொன்ன வாய்க்கால் இவ்வளவு முக்கியம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்; அதில் உப்பும் புளோரைடும் செறிந்திருக்கும். கழிப்பறைக்கும் தரை கழுவவும் போதும்.

மண் கல்லாக இருக்கிறது. கடப்பாரை இறங்கவில்லை.

காய்ந்த செம்மண்ணோடு சண்டை போடாதீர்கள். குழி வேண்டிய இடத்தில் அரை அடி பள்ளம் கொத்தி, மாலையில் நீர் நிறைத்துவிட்டு, மறுநாள் தோண்டுங்கள். கோடை மழைக்கு அடுத்த நாள் இன்னும் எளிது. எடுத்த மேல்மண்ணைத் தனியாகவும் அடியில் வரும் சிறுகல் கலந்த கப்பியைத் தனியாகவும் குவியுங்கள். நிரப்பும்போது மேல்மண்ணோடு மக்கிய எருவும் சருகும் கலந்து போடுங்கள். கப்பியை நடைபாதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் செம்மண்ணில் குறைவாக இருப்பது மக்கு, அதாவது மக்கிய இலைதழை. சருகைக் கூட்டி எரிக்கும் பழக்கத்தை விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புளி, வேம்பு, மா எதுவானாலும் மூலையில் குவித்து, சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் குறையாமல் வைத்தால் சில மாதங்களில் மக்கிவிடும். தையில் குவித்தது ஆடிக்கு உதவும். மா இலை மட்டும் தடிப்பு, நாளாகும். மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

ஆடிப்பட்டத்தில் என்ன விதைப்பது?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் மானாவாரி நிலத்துக்குச் சொன்னது போலவே புழக்கடைக்கும் பொருந்தும். ஆடிப்பெருக்குக்கு முன்னும் பின்னும் பந்தல் காய்களைப் போடுங்கள்: பீர்க்கு, புடலை, சுரை, பாகல். ஒன்றரை அடிச் சதுரக் குழி, எரு கலந்த மண், குழிக்கு ஐந்து விதை. முளைத்த பின் நல்ல இரண்டை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராது, எடுத்தால்தான் காய்க்கும். பாகல் விதையின் ஓடு தடிப்பு, இரவு முழுவதும் ஊறவைத்துப் போடுங்கள்.

வெண்டையும் கொத்தவரையும் நேரடி விதைப்பு. கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்றுவிட்டு நட வேண்டும்; தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு நாற்பது நாள் அளவில் ஆகும். பாலக்கோடும் இராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர்போன ஊர்கள். அங்கே விலை விழுந்து தெருவில் கொட்டும் காலத்தில் வீட்டில் பத்துச் செடி காய்த்துப் பயனில்லை. தக்காளி நான்கைந்து செடி போதும், கத்தரிக்கு இடம் கொடுங்கள்.

அவரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கொடி அவரை பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் போட்டுவிட்டு, ஐப்பசி வரை வெறும் கொடியாகப் படர்கிறதே என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. பொறுத்திருங்கள். மார்கழிப் பனியில் அது காய்த்துக் குலுங்கும், தை கழிந்தும் காய்க்கும்.

பந்தலுக்கு மூங்கிலா, கல் தூணா?

கல் தூண், சந்தேகமே வேண்டாம். கருங்கல் நம் மண்ணின் சொத்து. எட்டடி வேலிக்கல்லை இரண்டடி புதைத்து, மேலே கம்பி இழுத்துக் கட்டினால் கரையானும் மழையும் ஒன்றும் செய்யாது. மூங்கில் செம்மண்ணில் இரண்டு ஆண்டு தாங்கினால் அதிகம். கல்லைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும், அதை ஒருவராகச் செய்ய முயலாதீர்கள்.

முருங்கை உயரமாக வளர்ந்து காற்றில் முறிகிறது.

வெட்டாமல் விட்டால் அப்படித்தான். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கையை விதைத்தால் ஆறு மாதத்தில் காய் வரும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை விடும். காய்ப்பு ஓய்ந்த பின் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பியிருக்கும். அதிகாலையில் தீப்பந்தம் காட்டுவது பழைய வழி, மரப்பட்டை கருகாமல் பார்த்துச் செய்ய வேண்டும். கூரைக்கு மேல் சாயும் இடத்தில் முருங்கையை நடாதீர்கள்.

மூன்று சென்ட் இடத்தில் மா வைக்கலாமா?

வைக்கலாம், ஒன்றே ஒன்று. நீலத்தைத் தேர்ந்தெடுங்கள், மரம் அடக்கமாக நிற்கும், ஆண்டு தவறாமல் காய்க்கும். அல்போன்சா ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் இயல்புடையது. பெங்களூரா, நாம் கிளிமூக்கு என்பது, கூழ்த் தொழிற்சாலைக்கான தோப்புகளில் நிற்பது. வீட்டுக்கு அவ்வளவு பொருந்தாது. ஒட்டுக்கன்றை மட்டுமே வாங்குங்கள். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி நடுங்கள். முதல் மூன்று ஆண்டு வரும் பூவைக் கிள்ளிவிட வேண்டும். குழந்தைகள் அழுதாலும் கிள்ளுங்கள், மரம் வலுப்படும்.

காய்த்த மரத்துக்கு ஆவணியில் கவாத்து: காய்ந்த கிளை, உள்நோக்கி வளரும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை இவற்றை அறுத்துவிடுங்கள். கார்த்திகை முதல் பூ வரும்வரை தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும். பூவில் தத்துப்பூச்சி உட்கார்ந்தால் தேன்போல் பிசுபிசுக்கும், பின்னால் இலை கறுக்கும். கவாத்து செய்து வெளிச்சம் புகவிட்ட மரத்தில் அந்தத் தொல்லை குறைவு.

மருந்து அடிக்காமல் பூச்சியைச் சமாளிப்பது எப்படி?

ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழம் உதிரும். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வையுங்கள். தேவைப்படும்போது பருப்பை இடித்து, ஒரு லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவில் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வெயிலில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். பழைய கொட்டையில் வீரியம் குறையும், ஆகவே ஆண்டுதோறும் புதிதாகச் சேகரியுங்கள்.

நாங்கள் ஓசூர்ப் பக்கம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். ஓசூரும் தளியும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தருமபுரியில் வாடுகிற பீன்ஸ், கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் உங்களுக்கு நன்றாக வரும். ரோஜாவும் அப்படியே. ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்தில் இருப்பவர்கள் வாழையும் பலாவும் வீட்டருகே வைக்க வேண்டாம். கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைகள் இறங்குகின்றன. பழ வாசனை அவற்றை வாசலுக்கே அழைத்துவரும்.

மழைக்காலத்தில் தொட்டிகளில் கொசு வருகிறதே?

டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்து, உட்புறத்தை நாரால் தேய்க்க வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் கவிழ்த்து வைப்பது மட்டும் போதாது. மழைநீர்த் தொட்டியின் வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். பூந்தொட்டித் தட்டு, தேங்காய்த் தொட்டி, பழைய டயர், மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட் இவற்றை மறந்துவிடாதீர்கள்.

கரையானுக்கு என்ன செய்வது?

மழை விட்ட பிறகு சுவர் ஓரமாக நடந்து பாருங்கள். மண் கோடு ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடுங்கள். விறகையும் பழைய பலகையையும் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பூச்செடிப் பாத்தியைச் சுவரை ஒட்டி எழுப்பாதீர்கள். நிலைப்படிக்குள் போய்விட்டால் தொழில்முறை ஆட்களைக் கூப்பிடுவதே சரி.

நல்ல கன்றும் விதையும் எங்கே கிடைக்கும்?

கிருஷ்ணகிரி அருகே ஜீனூரில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. நம் மண்ணுக்கு எது பொருந்தும் என்று கேட்க இவைதான் சரியான இடங்கள். அவரை, சுரை, பீர்க்கு விதைகளுக்கு மட்டும் உங்கள் ஊர்ப் பாட்டிகளிடமே கேளுங்கள். அடுப்படி மேல் கட்டித் தொங்கவிட்ட சுரைக்குடுவையில் அவர்கள் வைத்திருக்கும் விதை இந்த மண்ணிலேயே பல தலைமுறை விளைந்தது.

வாடகை வீடு, சிமென்ட் முற்றம்தான் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

வீட்டுக்காரரிடம் கேட்டு வடிகுழாயின் கீழ் ஒரு பீப்பாய் வையுங்கள். சாக்கிலோ பழைய பக்கெட்டிலோ அடியில் துளையிட்டு, செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் கீரை, கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வரும். மாடியில் வைப்பதானால் தூண் அல்லது சுவருக்கு நேர் மேலாக ஓரத்தில் வையுங்கள். நனைந்த மண் கனமானது. பைகளுக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் வடியும் நீர் தளத்தில் தேங்காது, வீட்டுக்காரரும் முகம் சுளிக்கமாட்டார். சித்திரையில் உச்சிவெயில் படாமல் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டிவிடுங்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை தண்ணீர்.